நம் மண்ணில் விளையும் எரிபொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் ஒரு வாசகர், பெட்ரோலில் எத்தனால் (கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கலப்பது நல்லதா கெட்டதா என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். இடம் போதாமல் நான்கே வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால், கரும்பு விவசாயி, கோழிப்பண்ணைக்காரர், கல்லூரி மாணவர், பலகாரக் கடை வைத்திருக்கும் அம்மா என்று ஒவ்வொருவரும் இந்த விஷயத்தை ஒவ்வொரு பக்கத்திலிருந்து தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் வேறு எதுவும் இல்லை, முழுக்க இதுதான்.

கேள்வி (ஓமலூர் வாசகர்): 2016இல் வாங்கிய 125 சிசி பைக் வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 47, 48தான் வருகிறது. எல்லாம் எத்தனால் செய்த வேலை என்கிறார் மெக்கானிக். உண்மையா சார்?

பதில்: கொஞ்சம் உண்மை, ஆனால் முழுசாக அதன் தலையில் போட முடியாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இப்போது பங்க்கில் வருவதுபோல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிடும்போது மொத்த சக்தி நூற்றுக்கு ஆறு ஏழு குறையும். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம், இருசக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் 55 என்பது 53 ஆகலாம், மோசமாகப் போனால் 51 ஆகலாம். 47க்கு இறங்கியதற்கு ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், செயின், டயரில் காற்று, இதையெல்லாமும் பாருங்கள். பல வருடம் ஓடிய வண்டி அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் பாதி டேங்க்கோடு நிறுத்தி வைத்தால், உள்ளே ஈரம் சேர்ந்து எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடக்கூடும், அப்புறம் வண்டி திக்கித் திக்கித்தான் கிளம்பும். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் சீக்கிரம் விறைத்துப்போகலாம் என்பதால், அடுத்த சர்வீஸில் அவற்றை மாற்றிவிடச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் இந்தக் கலப்பைத் தாங்கும் பாகங்கள் போடப்படுகின்றன.

என் வருத்தம் இதுதான். அதே நிதி ஆயோக் அறிக்கை, பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலப்பு பெட்ரோலும் பங்க்கில் தொடர்ந்து கிடைக்க வேண்டும், சக்தி குறைவதை ஈடுகட்ட எத்தனால் கலந்த பெட்ரோலின் விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டும் நடக்கவில்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம் என்றால் சந்தோஷம். ஆனால் அதன் விலையில் ஒரு பகுதியை 2016 பைக் வைத்திருப்பவர் தன் பையிலிருந்து கொடுக்கிறார் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கேள்வி (மன்னார்குடி, பொறியியல் மாணவர்): பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. அப்படியானால் எண்ணெய் இறக்குமதியும் 20 சதவீதம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

பதில்: இல்லை தம்பி. கூட்டத்தில் பேசுகிறவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், அதனால் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கே போட்டுவிடலாம்.

2024-25இல் இந்தியா பயன்படுத்திய பெட்ரோலியப் பொருள்கள் மொத்தம் ஏறத்தாழ 24 கோடி டன். அதில் பெட்ரோல் சுமார் 4 கோடி டன்தான். டீசல் 9 கோடி டன்னுக்கு மேல். மிச்சம் சமையல் காஸ், விமான எரிபொருள், நாஃப்தா, தார் என்று போகிறது. இந்த 4 கோடி டன் பெட்ரோலுக்குள் நாம் வருடத்துக்குச் சுமார் 1000 கோடி லிட்டர் எத்தனாலைக் கலக்கிறோம். சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு என்று மேலே சொன்னேனே, அதன்படி இது 660 கோடி லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். எடையில் சொன்னால் சுமார் 50 லட்சம் டன். 24 கோடியில் 50 லட்சம் எவ்வளவு? ஏறக்குறைய 2 சதவீதம்.

இரண்டு சதவீதம் அற்பம் என்று நான் சொல்லவில்லை. 2024-25இல் கச்சா எண்ணெய் வாங்க நாடு கொடுத்தது சுமார் 13,700 கோடி டாலர், அதில் இரண்டு சதவீதம் என்றாலும் பெரிய பணம். பத்து வருடத்தில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலாவணி மிச்சமாகியிருக்கிறது என்று அரசு சொல்கிறது. இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் போடும் யூரியா இறக்குமதி எரிவாயுவில் தயாராகிறது, வயலில் ஓடும் டிராக்டர் டீசல் குடிக்கிறது, வெட்டிய கரும்பை ஆலைக்குக் கொண்டுபோகும் லாரியும் டீசல்தான். அதையெல்லாம் கழித்தால் அந்த இரண்டும் முழு இரண்டாக நிற்காது.

நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85க்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அதைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் டீசலைத்தான் தொட வேண்டும். 2018 உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்று இலக்கு வைத்தது. இன்றுவரை ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஏன் என்று யோசித்தால் பதில் நம் அடுப்படியில் இருக்கிறது. பயோடீசல் செய்ய எண்ணெய் வேண்டும், ஆனால் சமையலுக்கு வேண்டிய எண்ணெயிலேயே பாதிக்கு மேல் நாம் இறக்குமதி செய்கிறோம். இந்தோனேசியா தன் பாமாயிலை டீசலில் கலக்கிறது, 2025இல் அந்தக் கலப்பை 40 சதவீதமாக்கியது. அவ்வளவு பாமாயில் அங்கே லாரியில் எரிவதால் உலகச் சந்தைக்கு வருவது குறைகிறது, நம் ஊர் மளிகைக் கடையில் பாக்கெட் விலை ஏறுகிறது. ஒரு நாட்டின் பயோடீசல் இன்னொரு நாட்டின் தாளிப்புக் கரண்டி வரைக்கும் வந்து நிற்கிறது, அதை மறக்கவே கூடாது.

கேள்வி (விழுப்புரம் மாவட்டம், கரும்பு விவசாயி): எத்தனால் வந்தால் கரும்புக்கு விலை கூடும், நிலுவை இருக்காது என்றார்கள். நான் நாலு ஏக்கர் கரும்பு போடுகிறேன். இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்துப் போடலாமா?

பதில்: உங்கள் கிணற்றில் சித்திரை மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரியாமல் போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. விலை விஷயத்தை முதலில் சொல்கிறேன்.

ஒரு டன் கரும்பின் சாறு முழுவதையும் எத்தனாலாக்கினால் சுமார் 70 லிட்டர் கிடைக்கும். 2024-25இல் சாற்று எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த விலை லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசு, ஆக டன்னுக்கு ஏறத்தாழ 4,600 ரூபாய். அந்தப் பருவத்தில் மத்திய அரசு நிர்ணயித்த கரும்பு விலை, சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பு எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு) 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளுக்கு, குவிண்டாலுக்கு 315 ரூபாய் 10 காசு. நம் ஊர் ஆலைகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும். அதாவது உங்களுக்கு டன்னுக்கு 3,151 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை தனி. இடையில் நிற்கும் தொகையில் ஆலையின் செலவு, கடன், வட்டி எல்லாம் போகும். எத்தனால் பணம் ஆலைக்குச் சீக்கிரம் வந்து சேர்கிறது, சர்க்கரை மூட்டைபோல் மாதக்கணக்கில் கிடங்கில் தூங்குவதில்லை, அதனால் நிலுவை குறைய வழியுண்டு என்பது சரியான வாதம்தான். ஆனால் எத்தனால் லாபத்தில் கரும்பு போட்டவருக்கு இவ்வளவு பங்கு என்று கட்டாயமாக எழுதிவைக்காதவரை, அது ஆலை வாசலைத் தாண்டி உங்கள் கைக்கு வராது. விவசாயிகள் சங்கங்கள் இதைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு நிச்சயமின்மையும் இருக்கிறது. 2023 டிசம்பரில், மழை குறைந்து சர்க்கரை தட்டுப்படும் என்ற பயத்தில், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க வேண்டாம் என்று மத்திய அரசு திடீரென்று உத்தரவு போட்டது, பிறகு கொஞ்சம் தளர்த்தியது. கடன் வாங்கி எத்தனால் வடிசாலை கட்டியவர்கள் திகைத்துப்போனார்கள். ஒரு வருட மழை இந்தத் திட்டம் முழுவதையும் அசைத்துவிடும்.

தண்ணீருக்கு வருவோம். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நிதி ஆயோக் அறிக்கையிலேயே இருக்கிறது. 2012இலிருந்து அடுத்தடுத்து வந்த வறட்சியில் தமிழகத்தில் கரும்புப் பரப்பு எப்படிச் சுருங்கியது, எத்தனை ஆலைகள் அரவை இல்லாமல் மூடிக் கிடந்தன என்பதை நீங்களே கண்ணால் பார்த்தவர். சர்க்கரைக்காகப் போடும் கரும்பில் கடைசியாக மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, அந்தத் தண்ணீர் எப்படியும் செலவான தண்ணீர். எத்தனாலுக்காகவே புதிதாகக் கரும்பு போடுவது வேறு விஷயம். இருக்கும் நாலு ஏக்கரில் சொட்டுநீர் போட்டு, பருச்சீவல் நாற்று நட்டு, விளைச்சலைக் கூட்டப் பாருங்கள். அந்த இரண்டு ஏக்கரில் உளுந்தோ மணிலாவோ போடுங்கள்.

கேள்வி (கும்பகோணம், மூத்த வாசகர்): எனக்கு 88 வயது. சிறுவனாக இருந்தபோது யுத்த காலத்தில் பஸ்ஸின் பின்புறம் பெரிய டிரம் கட்டி அதில் கரி போட்டு எரித்து ஓட்டுவார்கள். அதுவும் இந்த வகைதானே?

பதில்: அதேதான் ஐயா. பெட்ரோலுக்கு ரேஷன் வந்த காலம் அது. விறகுக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும், அதை வடிகட்டி எஞ்சினுக்குள் அனுப்பினார்கள். கிளப்பவே நேரம் பிடிக்கும், மேட்டில் மூச்சு வாங்கும், ஆனால் ஒரு சொட்டு இறக்குமதி இல்லாமல் ஊருக்கு ஊர் ஓடியது. சுதந்திரம் வந்த மறு வருடமே, 1948இல், பெட்ரோலில் எரிசாராயம் கலப்பதற்கென்று பவர் ஆல்கஹால் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். அதையும் தாண்டிப் பின்னால் போனால், 1900இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். எண்ணெய்க் கிணறுகள் பெருகி விலை சரிந்த பிறகுதான் இதெல்லாம் மறந்துபோயிற்று. உங்கள் நினைவில் இருப்பதை, எந்த ஊர் பஸ், யார் கரி போடுவார், டிக்கெட் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதைப் பார்த்தவர்கள் இன்று மிகக் குறைவு.

கேள்வி (சிவகங்கை வாசகி): இருபது வருடம் முன்பு எங்கள் பக்கம் காட்டாமணக்கு, காட்டாமணக்கு என்று ஒரே பேச்சு. அப்பா மூன்று ஏக்கரில் போட்டு நஷ்டப்பட்டார். அந்தத் திட்டம் ஏன் தோற்றது? இப்போது மறுபடியும் வருமா?

பதில்: அம்மா, இந்தக் கேள்வி எனக்கும் வீட்டுக் கேள்வி. என் சித்தப்பா 2006இல் ஐந்து ஏக்கர் மானாவாரி நிலத்தில் காட்டாமணக்கு நட்டார். கன்று கொடுத்த நிறுவனத்தார் விதையை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று எழுதிக் கொடுத்தார்கள், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, மூன்றாம் வருடத்திலிருந்து முப்பது வருடம் காய்க்கும் என்றார்கள். மூன்றாம் வருடம் செடிக்குக் கைப்பிடி விதை வந்தது. விதையைச் சாக்கில் கட்டிக்கொண்டு தேடிப் போனால் அலுவலகம் பூட்டியிருந்தது. அதற்குப் பிறகு வேரோடு பிடுங்க ஜேசிபிக்கு வேறு பணம் கொடுத்தார்.

கொள்கை போட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. 2002 கடைசியில் டெல்லியிலிருந்து அமிர்தசரஸ் போகும் சதாப்தி ரயிலை 5 சதவீத பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள். 2003இல் திட்டக்குழுவின் குழு ஒன்று, விதை எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்க ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு நடலாம் என்று அறிக்கை கொடுத்தது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அவர்கள் போகும் இடமெல்லாம் இதைப் பேசினார். தரிசு நிலம் பச்சையாகும், கிராமத்தில் வேலை கிடைக்கும், எண்ணெய் இறக்குமதி குறையும் என்ற அந்தக் கனவில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், விதையை நன்றாகச் சோதித்துப் பார்க்காமல் ஊருக்கு அனுப்பியது. காட்டாமணக்கு வேலிச் செடி. நெல்லையும் கடலையையும்போல் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பண்படுத்திய பயிர் அல்ல. ஒரு செடி காய்க்கும், பக்கத்துச் செடி காய்க்காது. வறட்சியில் செத்துப்போகாது என்பது உண்மை, ஆனால் செத்துப்போகாமல் இருப்பதும் காய்ப்பதும் ஒன்றல்ல. ஹெக்டேருக்கு ஐந்து டன் என்று சொன்ன இடத்தில் மானாவாரியில் ஒரு டன் பார்ப்பதே அபூர்வமாக இருந்தது. காய்கள் ஒரே சமயத்தில் முற்றாது, ஒரே குலையில் பச்சையும் மஞ்சளும் கறுப்பும் இருக்கும், திரும்பத் திரும்ப ஆள் விட்டுக் கையால்தான் பறிக்க வேண்டும், கூலி கட்டாது. நச்சுச் செடி என்பதால் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் விதையைத் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

தரிசு என்று அதிகாரிகள் எழுதிய நிலம் ஊராருக்குத் தரிசு இல்லை, ஆடு மேய்க்கிறவருக்கும் விறகு பொறுக்குகிறவருக்கும் அதுதான் நிலம் என்பது இன்னொரு விஷயம், அதை அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடியும் வருமா என்றால், 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு சிறு விமானத்தைக் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து ஓட்டிக் காட்டினார்கள், ஆக ஆராய்ச்சி நிற்கவில்லை. ஆனால் இனி யாராவது கன்றோடு வீட்டு வாசலுக்கு வந்தால், இந்த மாவட்டத்தில், இந்த மழையில், யார் நிலத்தில் ஐந்து வருடமாகக் காய்க்கிறது என்று கேளுங்கள். கூட்டிப்போய்க் காட்டட்டும். அப்புறம் ஒரு சின்ன விளக்கம், குளத்தோரம் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கிறதே, நெய்வேலிக் காட்டாமணக்கு, அது வேறு செடி, சிலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதியிருந்தார்கள்.

கேள்வி (நாமக்கல், முட்டைக் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்): மக்காச்சோளம் எல்லாம் எத்தனால் ஆலைக்குப் போய்விடுகிறது. தீவன விலை தாங்கவில்லை. மனிதனும் கோழியும் தின்பதை வண்டிக்கு ஊற்றுவது நியாயமா?

பதில்: நியாயம் இல்லை என்பதுதான் என் கருத்து. கரும்புச் சாற்றுக்குத் தடை வந்தபோது, அதற்குச் சில மாதம் முன்பே உணவுக் கழக அரிசியும் நிறுத்தப்பட்டிருந்ததால், வடிசாலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர் அளவுக்கு எத்தனால் வரும், அதற்கு அரசு வைத்த விலையும் மற்றவற்றைவிட அதிகம், 2024-25இல் லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. விளைவு என்ன ஆயிற்று? மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கத் தொடங்கிய ஒரு காரியம் தானிய இறக்குமதியில் போய் முடிந்தால், அதை அப்படியே தொடர முடியாது. 2025இல் உணவுக் கழகத்திலிருந்து 52 லட்சம் டன் அரிசியை எத்தனாலுக்கு ஒதுக்கி, கிலோ 22 ரூபாய் 50 காசுக்குக் கொடுத்தார்கள். கிடங்கில் பூச்சி பிடித்துக் கெட்டுப்போன அரிசி என்றால் கொடுக்கட்டும். நல்ல அரிசியைக் கொடுக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மக்காச்சோள விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரம்பலூரில் மக்காச்சோளம் போடுகிறவர் அதில் சந்தோஷப்பட்டால் அது அவர் உரிமை. அவரும் நீங்களும் பிழைக்க வழி, விளைச்சலைக் கூட்டுவது. வடிசாலையில் மிஞ்சும் சக்கை, டன்னுக்கு ஏறக்குறைய 300 கிலோ, தீவனமாகத் திரும்பி வருகிறது, வாங்கலாம். ஆனால் பூஞ்சை நஞ்சு சோதனை செய்யாமல் கோழிக்கு வைக்காதீர்கள், சோளத்தில் இருந்த நஞ்சு சக்கையில் மூன்று மடங்காகச் செறிந்து நிற்கும்.

கேள்வி (திருப்பத்தூர் வாசகர்): புங்கம், இலுப்பை, புன்னை எல்லாம் நம் ஊர் மரங்கள். அவற்றின் எண்ணெயை ஏன் பயன்படுத்தவில்லை?

பதில்: ஒரு காலத்தில் கோயில் விளக்கும் வீட்டு விளக்கும் இவற்றில்தான் எரிந்தன. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்ற பழமொழியே, கையருகே இருப்பதைக் கொண்டு காரியம் நடத்தியவர்கள் சொன்னது. புங்கத்தில் முயற்சி நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா, கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயை நேரடியாக ஜெனரேட்டரில் ஊற்றி மின்சாரம் எடுத்துத் தண்ணீர் இறைக்க வைத்தார். எனக்குப் பிடித்த முயற்சி அது, ஏனென்றால் ஊரில் விளைந்தது ஊரிலேயே எரிந்தது. தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்கும்போதுதான் சிக்கல், மரம் காய்க்கப் பல வருடம் ஆகும், சிதறிக் கிடக்கும் காயைப் பொறுக்கிச் சேர்க்கும் செலவு அதிகம். அதற்காக நட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் புங்கம் நடுங்கள், நிழல் கிடைக்கும், காற்றிலிருந்து தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், பிண்ணாக்கு வயலுக்கு உரமாகும். எண்ணெய் வந்தால் கூடுதல் வரவு.

கேள்வி (தென்காசி, பள்ளி ஆசிரியை): பிரேசில் சாதித்ததை நம்மால் ஏன் முடியாது என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: நல்ல மாணவர்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் பிரேசில் துடித்துப்போனது. தனக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு அது. 1975 நவம்பரில் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கினார்கள், 1979இல் முழு எத்தனாலில் ஓடும் கார் விற்பனைக்கு வந்தது, எண்பதுகளின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் பெரும்பாலானவை அந்த ரகம். ஆனால் 1989இல் சர்க்கரைக்கு வெளிநாட்டில் நல்ல விலை வந்ததும் ஆலைகள் அந்தப் பக்கம் போய்விட்டன, எத்தனாலுக்கு வரிசையில் நின்று மக்கள் வெறுத்துப்போனார்கள். திட்டம் ஏறக்குறைய படுத்துவிட்டது. 2003இல், பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த அளவில் கலந்து ஊற்றினாலும் ஓடும் கார் வந்த பிறகுதான் எழுந்தது. பங்க்கில் இரண்டும் கிடைக்கும், அன்றைக்கு எது கட்டுமோ அதை ஜனங்கள் போட்டுக்கொள்வார்கள். நம்மிடம் இல்லாதது அந்தத் தேர்வுதான்.

மாணவர்களிடம் கரும்பலகையில் இதை எழுதிக் காட்டுங்கள். பிரேசிலின் பரப்பு 85 லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் 21 கோடி. இந்தியாவின் பரப்பு 33 லட்சம், மக்கள் 140 கோடிக்கு மேல். சாவ் பாலோ பக்கத்துக் கரும்பு பெரும்பாலும் மழையிலேயே விளைகிறது, நம் கரும்பு கிணற்றையும் வாய்க்காலையும் நம்பி நிற்கிறது. பிரேசில் இன்று எண்ணெய் ஏற்றுமதி செய்கிறது என்றால் அதற்குக் காரணம் கரும்பு மட்டும் இல்லை, கடலுக்கு அடியில் அவர்கள் கண்டுபிடித்த பெரிய எண்ணெய் வயல்களும்தான். அவர்களிடம் கற்க வேண்டியது விடாமுயற்சி. 2003இல் 5 சதவீதக் கலப்பு என்று தொடங்கிய நாம் 2013-14இல் ஒன்றரை சதவீதத்தில் நின்றோம், பிறகு 2022 ஜூனில் பத்தைத் தொட்டு 2025இல் இருபதுக்கு வந்தோம். மனம் வைத்தால் வேகமாகச் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. அந்த வேகத்தைக் கழிவின் பக்கம் திருப்ப வேண்டும்.

கேள்வி (திருவாரூர் வாசகர்): வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிறார்களாமே, டெல்டாவுக்கு வருமா?

பதில்: அரியானாவில் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் ஒரு ஆலை திறந்தது, வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் எத்தனால் என்ற அளவு, 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அங்கே வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள், அதனால் பொருத்தம். நம் டெல்டாவில் வைக்கோல் மாட்டுக்கு வேண்டும். எரிக்கிற இடத்தில் மட்டும் யோசிக்கலாம்.

கேள்வி (மதுரை, பலகாரக் கடை வைத்திருக்கும் வாசகி): வடை, பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெயை வாங்கிக்கொள்ள ஆள் வருகிறார்கள். பயோடீசலுக்கு என்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள் அம்மா, ஆனால் யாருக்கு என்று பார்த்துக் கொடுங்கள். திரும்பத் திரும்பச் சுட்ட எண்ணெயில் நச்சுப் பொருள்கள் பெருகும், அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து சட்டம். அதே வருடம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டத்தையும் தொடங்கியது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் கணக்கு எழுதி வைக்க வேண்டும், அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். சிறு கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அப்படியே செய்யுங்கள். அனுமதி அட்டையைக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். கூட நாலு ரூபாய் தருகிறேன் என்று ரசீது இல்லாமல் வாங்குகிறவர், அதை வெளுத்து வேறு கடைக்குச் சமையலுக்கே விற்றுவிடலாம், அது இன்னொரு பிள்ளையின் வயிற்றுக்குள் போகும்.

எனக்கு இந்த வழி பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. இதற்குப் புதிதாக ஒரு சென்ட் நிலம் வேண்டாம், ஒரு குடம் தண்ணீர் வேண்டாம், யார் தட்டிலிருந்தும் எடுக்க வேண்டாம். எண்ணெயை மெத்தனால் என்ற இன்னொரு ஆல்கஹாலோடும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவோடும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் அடியில் இறங்கும், மேலே பயோடீசல் நிற்கும். அந்த மெத்தனாலையும் நாம் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறோம் என்பது ஒரு குறை. டீசல் எண்ணிக்கையில் இது சிறு துளிதான், இருந்தாலும் சாக்கடையில் கொட்டி அடைப்பதைவிட எவ்வளவோ மேல். எண்ணெயைத் தண்ணீர் சேராமல், பஜ்ஜித் துகளை வடிகட்டி, மூடி போட்ட டின்னில் வையுங்கள். தண்ணீர் கலந்தால் விலை பாதியாகும்.

கேள்வி (ராசிபுரம் அருகே, ஐந்து மாடு வைத்திருக்கும் வாசகி): மாமனார் காலத்தில் கட்டிய கோபர் காஸ் (சாண எரிவாயு) தொட்டி பாழாய்க் கிடக்கிறது. சிலிண்டர் வந்தபிறகு விட்டுவிட்டோம். மறுபடி உயிர் கொடுக்கலாமா?

பதில்: இத்தனை கடிதத்தில் என்னை நாற்காலியிலிருந்து எழ வைத்தது உங்கள் கடிதம்தான். கட்டாயம் கொடுங்கள். நாம் எரிக்கும் சமையல் காஸில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. வண்டி எண்ணெயைப் பற்றியே பேசிப் பேசி இதை மறந்துவிடுகிறோம்.

கணக்கு இதுதான். 25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும், அது 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல் சிலிண்டர் காஸுக்குச் சமம். உங்கள் ஐந்து மாட்டில் நாளுக்கு 50 கிலோ சாணம் சேரும், அதாவது மாதத்தில் ஒரு சிலிண்டரை நிச்சயம் மிச்சப்படுத்தலாம், தொட்டி நன்றாக வேலை செய்தால் ஒன்றரைக்கு மேல் வரும். உங்கள் பக்கத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் கிழங்குக் கழிவுநீரிலிருந்து வாயு எடுத்துத் தங்கள் தேவைக்கே மின்சாரமும் சூடும் எடுக்கின்றன, போய்ப் பாருங்கள், முன்பு ஓடையில் விட்டு ஊரெல்லாம் நாறிய அதே தண்ணீர்தான். பெரிய அளவில் 2018இல் 5,000 அழுத்தப்பட்ட உயிரிவாயு நிலையங்கள் என்று மத்திய அரசு இலக்கு வைத்தது, எட்டியது அதில் ஒரு சிறு பங்குதான். ஆலை கட்டப் பணம் கிடைத்துவிடுகிறது. தினம் தினம் சாணத்தையும் கழிவையும் சேர்த்துக் கொண்டுவருவதில்தான் திணறுகிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கஷ்டமே இல்லை, தொழுவம் நாற்பது அடியில் இருக்கிறது.

தொட்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள். இரும்பு மூடி மேலும் கீழும் ஏறி இறங்கும் வகை என்றால், துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும், மூடியை மாற்ற வேண்டும். செங்கல்லால் கூண்டுபோல் கட்டிய தீனபந்து வகை என்றால் விரிசலைப் பூசி உள்பக்கம் பெயின்ட் அடித்தால் போதும். பழைய தொட்டிக்குள் யாரையும் உடனே இறங்க விடாதீர்கள், உள்ளே நச்சு வாயு நிற்கும். மூடியைத் திறந்து சில நாள் காற்றாட விட்டு, உள்ளே கிடப்பதை மேலிருந்தே இறைத்தெடுத்து, அனுபவமுள்ள கொத்தனாரை வைத்து, மேலே இரண்டு பேர் கயிறு பிடித்து நிற்கத்தான் இறக்க வேண்டும். தயாரானதும் ஆரம்பத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு தொட்டியிலிருந்து இரண்டு மூன்று டிரம் கழிவுக் குழம்பு வாங்கி ஊற்றுங்கள், தயிருக்கு உறை ஊற்றுவதுபோலத்தான், வாயு சீக்கிரம் பிடிக்கும். அதற்குப் பிறகு தினமும் சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் விட்டுக் கல், வைக்கோல் இல்லாமல் கரைத்து ஊற்றுங்கள். முதலில் வரும் வாயு சரியாக எரியாது, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள். சிலிண்டர் அடுப்பின் பர்னர் இதற்கு ஒத்துவராது, கோபர் காஸுக்கென்று துளை பெரிதாக இருக்கும் அடுப்பு தனியாகக் கிடைக்கும். வெளியே வரும் குழம்பை வீணாக்காமல் நேராகத் தீவனப்புல்லுக்குப் பாய்ச்சிவிடுங்கள். அடுப்பில் நீலமாக எரிய ஆரம்பித்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.